லஸ்மினி பெருக்காமல் விட்ட மூலை

எங்கள் சந்தில் விடியற்காலைப் பாங்கு ஓய்ந்ததும் கேட்பது விளக்குமாற்றுச் சத்தம்தான். வீட்டுக்கொரு பெண் இறங்கி, மண்ணில் கோடு விழும்படி முற்றத்தையும் கொல்லையையும் பெருக்கிவிடுவாள். ஓர் இலை கிடந்தாலும் அந்த வீட்டுக்காரிக்குக் காய்ச்சலா என்று விசாரிப்போம். ஜாவாவில் கிளாத்தன் பக்கம் எந்த ஊரிலும் இதுதான் வழக்கம். அப்படிப்பட்ட சந்தின் கடைசி வீட்டில் குடியேறிய லஸ்மினி, முன்பக்கத்தைப் பளிச்சென்று பெருக்கிவிட்டு, கொல்லையை மட்டும் தொடாமல் விட்டாள். சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அவளுக்குக் காய்ச்சலும் இல்லை.

அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். குடுஸ் நகரத்தில் கிராம்புச் சிகரெட் ஆலையில் இளம்வயதிலிருந்து சுருட்டும் வேலை பார்த்தவள். புருஷன் கலிமந்தான் தீவுக்குப் பிழைக்கப் போய் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். பிள்ளை இல்லை. சித்தி இறந்து இந்த வீடு அவள் பேருக்கு வந்ததும், இரண்டு பைகளோடு வந்து இறங்கினாள். ஐம்பதை ஒட்டிய வயது. ஆலையில் ஜன்னலே இல்லாத கூடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு லேசாக வளைந்திருந்தது. சாயங்காலம் முச்சந்தியில் வண்டி போட்டு வாழைப்பழ பஜ்ஜியும் டெம்பே என்கிற சோயாக்கட்டி வறுவலும் விற்றாள். பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில் சொல்வாள், கேட்காததற்கு ஒரு சொல் தரமாட்டாள். எங்கள் சந்தில் அது ஒன்று போதும் ஒருத்தியைச் சந்தேகப்பட.

என் மளிகைக்கடை அவள் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. அதனால் அவளைப் பற்றிய பேச்செல்லாம் என் கடை பெஞ்சில்தான் நடந்தது. பேச்சைத் தொடங்கிவைத்தது சுதார்மி. லஸ்மினி வீட்டுக்குப் பின்புறம் அவள் வீடு. முச்சந்தியில் அவளும் பலகார வண்டி வைத்திருந்தாள். லஸ்மினி வந்த பிறகு அவள் வியாபாரம் படுத்துவிட்டது.

"பு முர்னி, அவ காலையில என்ன பண்றான்னு பாத்தீங்களா?" என்று ஒருநாள் முட்டை வாங்க வந்தவள் கேட்டாள். முர்னி நான்தான்; பு என்பது மூத்த பெண்களுக்குத் தரும் மரியாதை.

"கனிஞ்ச வாழப்பழத்தக் கொல்லையில வெக்கிறா."

"யாருக்கு?"

"குருவிக்காம். நானே கேட்டேன்."

"குருவிக்கு யாராச்சும் முறத்துல வரிசையா அடுக்கி வெப்பாங்களா? பக்கத்துல மண்சட்டியில தண்ணி. தண்ணியில பூ!"

"மேல மரம் இருக்கில்ல? அது உதிர்ந்திருக்கும்."

"தெனமுமா உதிரும்?" சுதார்மி குரலைத் தாழ்த்தினாள். "சொல்லவே பயமா இருக்கு. போன வாரத்துலேர்ந்து என் காசு டப்பாவுல தொகை குறையுது."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது துயுல் என்று தெரியும். மொட்டைத்தலையோடு, மூன்று வயதுப் பிள்ளை அளவில் இருக்கும் குட்டிப் பிசாசு. படையல் வைத்து வளர்க்கிறவர்களுக்காக அக்கம்பக்கத்து வீடுகளில் புகுந்து காசு திருடும்.

அதற்குப் பிறகு எல்லாமே பொருந்தி வந்தது. சருகைப் பெருக்காதது அது ஒளிந்து விளையாட. கொல்லை வேலியில் மூங்கிலை நெருக்கிக் கட்டியது வெளியே தெரியாமல் இருக்க. இன்னொன்றும் இருந்தது. காலையில் அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். தனியாக வாழும் ஒருத்தி, ரேடியோவும் போடாமல், விட்டுவிட்டுச் சிரிப்பாள். அதைக் கேட்டு எனக்கே கை ரோமம் நிமிர்ந்தது.

அவள் சிரித்தது எதைப் பார்த்து என்பது வெகுநாள் கழித்து அவளே சொல்லித்தான் தெரியும். அடுப்படியின் பின்வாசலில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்துவிடுவாளாம். பழத்துக்காக வரும் சின்னான் குருவிகள் முதலில் தங்களுக்குள் சண்டைபோட்டு முடிக்கும். அந்தச் சண்டைக்குள் அணில் வந்து பெரிய துண்டை இழுத்துக்கொண்டு போகும். புள்ளிப்புறா சட்டியில் குளிக்க இறங்கி, பாதிக் குளியலில் எதையோ மறந்ததுபோல் அப்படியே நின்றுவிடும். மழைக்காலத்தில் வாய்க்காலிலிருந்து ஓர் உடும்பு வந்து, இடத்தை விலைக்குக் கேட்க வந்தவன் மாதிரி கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். விளக்கு வைக்கும் நேரத்தில் மரநாய் ஒன்று குட்டிகளோடு கூரை வழியே இறங்கும்.

"எதுக்குடி இதெல்லாம்?" என்று நான் கேட்டதற்கு, "பாக்க நல்லாருக்கு, பு" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கொல்லையில் பட்டுப்போன தென்னை ஒன்று நின்றது. தலை இல்லாத வெறும் தண்டு. மாதாந்திரத் துப்புரவு நாளில் எங்கள் தெருத்தலைவர் ஜுமேரி அரிவாள், கயிறு, நான்கு ஆட்களோடு அவள் வாசலில் போய் நின்றார்.

"மரம் செத்துப்போச்சு லஸ்மினி. ஒருநாள் விழுந்துடும். சாய்ச்சுட்டுப் போயிடறோம்."

"வேண்டாம் பாக். இருக்கட்டும்." பாக் என்றால் ஐயா.

"உன் கூரை மேலதான் விழும்."

"என் கூரைதானே பாக்."

"எதுக்கும்மா ஒரு செத்த மரத்துக்கு இவ்வளவு?"

ஒரு நொடி அவள் கண் மேலே போய்த் திரும்பியது. ஜுமேரி அதைக் கவனித்துவிட்டார். நேரே என் கடைக்கு வந்து உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தார். "மரத்துல என்னமோ இருக்கு, பு. அது இவளுக்குத் தெரியும்."

இருந்தது உண்மைதான். தண்டின் மேல்பகுதியில் ஒரு பொந்து. அதில் ஒரு ஜோடி குண்டுக்கரிச்சான் கூடு கட்டியிருந்தது. கறுப்பு வெள்ளையில், வாலை நிமிர்த்திக்கொண்டு விடியலில் பாடுமே, அந்தக் குருவி. தமிழ்நாட்டில் அது மதில் மேல் சாதாரணமாக உட்காரும் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். ஜாவாவில் நாங்கள் அதைக் கூண்டில்தான் பார்த்திருக்கிறோம். எங்கள் சந்தில் ஆண்பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் கூண்டு தொங்கும். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டி, கோப்பை, கைதட்டல். காட்டிலும் தோப்பிலும் இருந்ததையெல்லாம் பசையும் வலையும் வைத்துப் பிடித்துத் தீர்த்தாகிவிட்டது. நன்றாகப் பாடும் ஆண் ஒன்றுக்கு ஒரு ஆட்டை விற்ற பணத்தைத் தயங்காமல் கொடுப்பார்கள். அது எங்கிருந்தோ வந்து, லஸ்மினி பெருக்காமல் விட்ட சருகைக் கிளறிப் புழு பொறுக்கித் தின்று, அங்கேயே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவள் எங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டாள். பழைய இரும்பு வாங்க வருகிறவன், மின்சார மீட்டர் பார்க்கிறவன், கவண்வில்லோடு திரியும் பையன்கள் யாரும் மிச்சமில்லை. ஒருநாள் நான் ஒட்டரிசிப் பலகாரம் கொண்டுபோனேன். கதவை ஒருச்சாய்த்துத் திறந்து, தன் உடம்பாலேயே வழியை அடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள். என் கண் எங்கே போகிறதென்று பார்த்துக்கொண்டே நன்றி சொன்னாள். திரும்பி வரும்போது எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது.

ஒரு சாயங்காலம் முச்சந்தியில் சுதார்மி நேருக்கு நேர் கேட்டேவிட்டாள். சுற்றிலும் பலகாரம் வாங்க வந்த கூட்டம்.

"லஸ், வெளிப்படையாவே கேக்கறேன். உன் வீட்ல எதை வளக்கறே?"

லஸ்மினி எண்ணெயிலிருந்து பஜ்ஜியை எடுத்து வடியவிட்டாள். நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"வளக்கலை யூ." யூ என்றால் எங்கள் பக்கம் அக்கா. "அதுவா வருது, அதுவா போகுது. யாரும் கிட்ட வராம இருந்தா அதுக்கு நல்லது. உங்களுக்கும் நல்லது."

கையில் பலகாரத்தை வாங்கியவன் அப்படியே தட்டில் திருப்பி வைத்தான்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது சந்து முழுக்க எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் அவள் வீட்டுப் பக்கம் போகாமல் வாய்க்கால் கரையாகச் சுற்றிப் பள்ளிக்குப் போனார்கள். கவண்வில் எதுவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கந்தூரிச் சோறு வீடு வீடாகப் போகும்போது அவள் வீட்டை மட்டும் தாண்டிப் போனது. வண்டியில் பலகாரம் ஆறிப்போய்க் கிடந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு அதையே தின்றாளாம்.

பிற்பாடு நான் திட்டினேன். "ஏண்டி, இப்படி ஒரு பழியச் சுமக்கலாமா?"

"துயுல் இருக்குன்னா பத்து பேர் ஓடுவாங்க பு. குண்டுக்கரிச்சான் இருக்குன்னா பத்து பேர் ஏணியோட வருவாங்க. எது பரவால்ல?"

பேய்க்குப் பயப்படாத ஓர் ஆள் வரும்வரை அவள் திட்டம் நன்றாகத்தான் நடந்தது. ஜுமேரியின் மனைவியுடைய தம்பி குனார்த்தோ, சோலோ நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். குருவிப் போட்டிகளில் பேர் வாங்கியவன். எந்நேரமும் தலையில் ஒரு தொப்பி. என் கடையில் நின்று அந்தத் தொப்பியை எடுத்து வழுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தவன், துடைத்த கையோடு அசையாமல் நின்றான்.

"பு, இது யார் வீட்டுக் கூண்டு?"

"எந்தக் கூண்டு?"

"ஸ்ஸ்... கேளுங்க. இப்ப ஒரு சுருதி ஏத்துது பாருங்க. இது கூண்டுல பொறந்து வளந்தது இல்ல."

எனக்கு ஏதோ குருவி கத்துகிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நேரே லஸ்மினியின் வாசலுக்குப் போனான். அவர்கள் பேசியது என் கடைவரை கேட்டது.

"வணக்கம் பு. அருமையான குரல். குருவி வெச்சிருக்கீங்களா?"

"செல்போன்ல போட்டிருந்தேன்."

"ஓ. குருவிக்குப் பாட்டு கத்துக்குடுக்கவா? கூண்டு கண்ணுல படலியே?"

"உள்ள இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. அன்று மத்தியானமே லஸ்மினி சைக்கிளில் சந்தைக்குப் போய் ஒரு மூங்கில் கூண்டும் அதற்கு நீலத்துணி உறையும் வாங்கி வந்தாள். என்னிடம் கொக்கி வாங்கி முன்வாசலில் மாட்டினாள். குருவி வைத்திருப்பவர்கள் கூண்டுக்கு உறை போடுவது சகஜம் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. துயுலுக்குத் தொட்டில் கட்டிவிட்டாள் என்று சுதார்மி மட்டும் சொன்னாள்.

மறுநாள் குனார்த்தோ மறுபடி வந்தான்.

"கொஞ்சம் தொறந்து காட்டுங்களேன் பு. ஒரே ஒரு பார்வை."

"எறகு உதிர்க்குது மாஸ். வெளிச்சம் படக்கூடாது." மாஸ் என்றால் அண்ணன்; மரியாதைக்கும் அப்படி அழைப்போம்.

"ஆமாமா. உதிர்க்கறப்ப ஜாக்கிரதையா இருக்கணும். என்ன தீனி?"

"வெட்டுக்கிளி. எறும்பு முட்டை."

"ரொம்ப சரி. நல்லாப் பாத்துக்கறீங்க." சிரித்துக்கொண்டே குனிந்து செருப்பைச் சரிசெய்தான். கூண்டுக்குக் கீழே தரை துடைத்துவிட்டதுபோல் இருந்ததாம். ஓர் எச்சம் இல்லை, ஒரு வெட்டுக்கிளிக் கால் இல்லை. உறைக்குள் காற்றுதான் இருக்கிறதென்று அப்போதே முடிவுகட்டிவிட்டான். இதை அவனே பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னான். மாட்டிக்கொண்ட நேரத்திலும் அதில் அவனுக்கு ஒரு பெருமை.

வெள்ளிக்கிழமை. ஆண்களெல்லாம் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போயிருந்தார்கள். லஸ்மினி பழம் வாங்கச் சந்தைக்குப் போனாள். வயிற்றுவலி என்று தொழுகைக்குப் போகாமல் படுத்த குனார்த்தோ, அவள் சைக்கிள் தெருமுனை திரும்பி மறைந்ததும் எழுந்து, பலாப்பிசின் தடவிய நீளக் கழியோடு பின்வேலியைத் தாண்டிக் கொல்லையில் இறங்கியிருக்கிறான். இறங்கும்போது தொப்பி வேலி மூங்கிலில் மாட்டிக்கொண்டது.

சுதார்மி தன் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுத்த கொல்லையில் சருகு நொறுங்கும் சத்தம். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தாள். புதருக்குள், பட்டப்பகலில், வெயிலில் மின்னிக்கொண்டு ஒரு மொட்டைத்தலை மெல்ல நகர்ந்தது.

"துயுல்! துயுல்! அய்யோ, வாங்களேன்!"

அவள் போட்ட கூச்சலில் நான் கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். தொழுகை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த ஆண்கள் லுங்கியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஜுமேரி முன்னால். வேலி மூங்கில் பிய்ந்து எல்லோரும் உள்ளே விழுந்தபோது, குனார்த்தோ தப்பப் பார்த்துக் கழி மேலேயே விழுந்துகிடந்தான். சட்டை, முழங்கை, காதெல்லாம் பிசின். பிசின் பட்ட இடமெல்லாம் சருகு. எழுந்து நின்றபோது அவனே ஒரு புதர்மாதிரி இருந்தான்.

யாரோ ஓதத் தொடங்கினார்கள். ஜுமேரிதான் முதலில் அடையாளம் கண்டார்.

"குன்! வயித்துவலின்னு சொன்னியேடா!"

"மாஸ், நான் வேற எதுக்கும் வரல மாஸ்..."

"ஜும்ஆ நேரத்துல, ஒரு பொம்பள தனியா இருக்கற வீட்ல, எதுக்குடா வந்தே? என் மானம் போகவா?"

"குருவிக்கு மாஸ்! அந்த மரத்துல ஒரு ஜோடி குண்டுக்கரிச்சான். காட்டுக் குருவி. நெஜமான காட்டுக் குருவி!"

அத்தனை தலையும் மேலே திரும்பியது. பொந்தின் விளிம்பில் கறுப்பு வெள்ளையாக ஒன்று வாயில் புழுவோடு உட்கார்ந்து, உள்ளே போகப் பயந்து, வாலை வெட்டி வெட்டி எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது. பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளின் கீச்சு கேட்டது. என் பக்கத்தில் நின்ற ஆண்கள் மூச்சு விடும் விதமே மாறியதை நான் கவனித்தேன். எல்லார் வீட்டிலும் காலிக் கூண்டு ஒன்றாவது இருக்கும்.

அந்த நேரத்தில்தான் லஸ்மினி வந்தாள். பிய்ந்த வேலியையும், கொல்லை நிறைய நின்ற எங்களையும், எல்லோரும் எங்கே பார்க்கிறோம் என்பதையும் பார்த்தாள். சைக்கிளை அப்படியே விட்டாள். பழச்சீப்பு மண்ணில் சிதறியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், மரத்தில் முதுகைச் சாய்த்து எங்களைப் பார்த்து நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் யாரும் அசையவில்லை.

"எல்லாரும் பாத்தாச்சா?" என்றாள்.

சுதார்மி இன்னும் ஈரத்துணியைப் பிடித்திருந்தாள். "அப்ப... துயுல் இல்லியா?"

"இல்ல யூ."

"ஏண்டி சொல்லல? நான் உன்ன என்னல்லாம் பேசினேன்! சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீங்கள்லாம் என்ன பண்ணியிருப்பீங்க?"

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஜுமேரி மைத்துனனின் பிசின் படாத காதைத் தேடிப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து அவனை அன்று மாலையே பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஜுமேரி அறிவித்தார்: இந்தச் சந்தில் இனி எந்தக் காட்டுக் குருவியையும் யாரும் பிடிக்கக்கூடாது. எல்லோரும் தலையாட்டினோம். எல்லோரும் தலையாட்டியதையே யாரும் நம்பவில்லை. அடுத்தவன் பிடித்துவிடுவான் என்று ஒவ்வொருவனுக்கும் உறுதி. அதனால் எந்த வீட்டு ஏணி வெளியே வந்தாலும் "எதுக்கு ஏணி?" என்று நான்கு குரல் கேட்டது. பலாமரத்தில் ஏறியவனிடம் "காய்தான் பறிக்கறியா?" என்று கீழே ஆள் நின்றது. அசலூர் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றால், யார் வீட்டுக்கு, என்ன உறவு, எப்போது திரும்புவான் என்பதெல்லாம் என் கடையில் விசாரிக்கப்பட்ட பிறகுதான் அது நகர முடியும். ஒருவன் மேல் ஒருவனுக்கு இருந்த சந்தேகமே அந்தக் கூட்டுக்குக் காவலானது.

லஸ்மினி மட்டும் எங்களை எளிதில் விட்டுவிடவில்லை. குஞ்சுகள் வெளியே வந்து சருகில் தத்தத் தொடங்கியதும் பார்க்க ஆசைப்பட்டுப் போனோம். இரண்டிரண்டு பேராகத்தான் விட்டாள். அதுவும் அடுப்படி வாசலில் கையை விரித்துக் காட்டி, ஆண்கள் லுங்கி மடிப்பை உதறிக் காட்டிய பிறகு.

"நான் தெருத்தலைவர்மா!" என்றார் ஜுமேரி.

"தெரியும் பாக். உதறுங்க."

அவர் உதறினார். உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் எழுந்து வரவில்லை. பெருக்காத மூலையை ஏன் பெருக்கவில்லை என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. அவள் பலகாரமும் விற்றது. சுதார்மி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த கந்தூரிக்கு ஒரு பொட்டலத்துக்குப் பதில் இரண்டைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். காசு டப்பாவில் கை வைத்தது தன் புருஷன்தான் என்று அவள் கண்டுபிடித்த கதை தனி.

மறுவருஷம் மழை நின்றதும் குண்டுக்கரிச்சான் ஜோடி தென்னம்பொந்துக்குப் போகவில்லை. சுதார்மி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் கூடு கட்டியது. லஸ்மினி அரைமனதோடு அங்கே போய் நின்றாள். சுதார்மி கொல்லைக் கதவை ஒருச்சாய்த்துத் திறந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல யூ. சும்மா பாக்கலாம்னு."

"தூரமா நின்னு பாரு. பயந்துடும்."

"என்னைப் பாத்தா பயப்படும்?"

"உன் வீட்ல இருந்தப்ப உன்னத் தெரியும். இப்ப என் வீட்ல இருக்கு." பிறகு கதவை அகலத் திறந்தாள். "சரி, வா. கையக் காட்டு முதல்ல."

நான் எலுமிச்சை கேட்கப் போனபோது இரண்டு பேரும் பின்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு காப்பி. சந்தில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு தலையும் ஒன்றாக வேலிப் பக்கம் திரும்பியது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன். அவன் சிலிண்டரை இறக்கி, காசை வாங்கி, தெருமுனை தாண்டிப் போகும்வரை இருவரும் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.